பனிமலைப் பள்ளிகளில் படிப்பும் பந்தயமும்: அருகிலிருந்து பார்த்த மூவர் எழுதியவை

வெர்மான்டிலிருந்து ஓர் ஆசிரியர்:

பனிச்சறுக்கு வீரர்களுக்கென நடக்கும் உறைவிடப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அமெரிக்காவில் இவ்வகைப் பள்ளி முதலில் உருவானது இந்த மாநிலத்தில்தான். வாரன் விதரெல் என்ற பயிற்சியாளர் 1970இல் பர்க் மவுண்டன் அகாடமியைத் தொடங்கினார்; ஸ்ட்ராட்டனிலும் க்ரீன் மவுண்டன் வேலியிலும் உள்ள பள்ளிகள் அடுத்த சில ஆண்டுகளில் தோன்றின. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 18 வயதில், கம்பங்களுக்கிடையே வளைந்து சறுக்கும் ஸ்லாலம் பந்தயத்தில் தங்கம் வென்ற மிக்கேலா ஷிஃப்ரின் பர்க்கில் படித்தவர் என்பதால், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அவர் பெயரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதே இல்லை.

அவர்கள் அடுத்துக் கேட்பது, படிப்பு என்னவாகும் என்பது. குளிர்காலத்தில் காலைப்பொழுது மலைக்கு, பிற்பகல் வகுப்புக்கு என்று நாள் பிரிகிறது. வெயில் ஏறுவதற்குள், பனி கெட்டியாக இருக்கும்போதே பயிற்சியை முடிக்க வேண்டும். பந்தயத் தடங்களில் நீரைச் செலுத்தி உறைய வைப்பதும் உண்டு. தடம் மென்மையாக இருந்தால் முதலில் இறங்குபவர்களே அதைக் குழியாக்கிவிடுவார்கள், பின்னால் வருபவருக்கு அது நியாயமாக இராது. பனி விழாத இலையுதிர் காலத்தில் பாடங்களை வேகமாக நடத்திவிடுகிறோம். ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ் பனியாற்றுக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்த மாணவி ஒருத்தி, அங்கே விடுதியின் உணவறையில் பயிற்சியாளர் முன்னிலையில் நுண்கணிதத் தேர்வை எழுதி, விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பினாள். அன்றிரவே அழைத்து, தனக்கு வராத கணக்கை விளக்கச் சொன்னாள். நேரம் குறைவாக இருப்பதால் இவர்கள் நேரத்தை வீணாக்குவதில்லை என்பதே பல குளிர்காலங்களாக நான் பார்த்து வருவது.

எனக்குக் கவலை தருபவர்கள் காயம்பட்டவர்கள். ஏசிஎல் என்று எல்லோரும் சொல்லும் முழங்கால் இணைப்புநார் அறுந்தால், அறுவைக்குப் பின் மீண்டும் பந்தயத்தில் இறங்க 9 மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு பருவம் முழுவதும் போய்விடும். தோழர்கள் எல்லாரும் காலையில் மலைக்குக் கிளம்பிய பின், வெறிச்சோடிய விடுதியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கட்டுப்போட்ட காலோடு தனியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் ஒருவர் அவனைத் தடத்தின் அடிவாரத்துக்கு அழைத்துப்போய், நேரம் குறிக்கும் வேலையையும் காணொளி எடுக்கும் வேலையையும் கொடுத்த பிறகுதான் அவன் பழையபடி பேசத் தொடங்கினான். பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் பதக்கப் பட்டியலைப் பார்த்து முடித்ததும், காயம்பட்ட பிள்ளை இங்கே காலை ஒன்பது மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்க வேண்டும் என்பேன்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கிலிருந்து ஒருவர்:

ஆசிரியர் சொன்னது இங்கும் பொருந்தும், ஆனால் அமைப்பு வேறு. டிரோல் மாநிலத்தில், ஸ்டாம்ஸ் என்ற சிற்றூரில், சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியரின் பழைய மடத்தை ஒட்டி 1967இல் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி இருக்கிறது. பனிச்சறுக்கு வீரர்கள் பெஞ்சமின் ரைக், மாரியோ மாட் ஆகியோரும், பனித்தாவல் வீரர் கிரெகோர் ஷ்லீரென்சாவரும் அங்கே படித்தவர்கள். என் மகனின் நண்பன் அங்கே சேர்ந்ததால் அடிக்கடி போய் வருகிறேன். மற்றப் பள்ளிகளில் 4 ஆண்டுகளில் முடியும் மேல்நிலைப் படிப்பை இங்கே 5 ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறார்கள். பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் போகும் நாட்களை அந்தக் கூடுதல் ஆண்டு ஈடுகட்டுகிறது. முடிவில் எழுதுவது எல்லா மாணவரும் எழுதும் மத்தூரா என்ற அதே பள்ளி இறுதித் தேர்வுதான். ஓராண்டு கூடுதலாகப் படிப்பதை நம்மவர்கள் இழப்பாக நினைப்பார்கள். அந்தப் பையனின் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

ஸ்ட்ராட்டன் மலைக்கு அருகிலிருந்து ஒரு தாய்:

என் மகள் ஸ்னோபோர்டு ஆடுகிறவள், அதாவது இரு கால்களையும் ஒரே பலகையில் வைத்துப் பனியில் சறுக்குகிறவள். முழு ஆண்டும் சேர்க்காமல், குளிர்கால மாதங்களுக்கு மட்டும் உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு வசந்தத்தில் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். 2002 ஒலிம்பிக்கில், பாதிக் குழாய் போன்ற பனிப்பள்ளத்தில் சாகசம் காட்டும் ஹாஃப்பைப் ஸ்னோபோர்டுப் போட்டியில் தங்கம் வென்ற ராஸ் பவர்ஸ் ஸ்ட்ராட்டன் மவுண்டன் பள்ளியில் படித்தவர், ஆகவே இந்த வட்டாரத்தில் ஸ்னோபோர்டு இரண்டாந்தரமான ஒன்றாகக் கருதப்படுவதில்லை. மாலையில் பலகையின் விளிம்பை அரத்தால் தீட்டுவதும், சூடான இஸ்திரிப்பெட்டியால் மெழுகைத் தேய்ப்பதும் பிள்ளைகளின் வேலை. வீட்டில் தட்டைக்கூடக் கழுவாதவள் அங்கே மேசையைத் துடைத்துவிட்டுத்தான் படிக்க உட்காருகிறாள்.

செலவைப் பற்றி மற்ற இருவரும் எழுதவில்லை. வெர்மான்டின் பெயர்பெற்ற பள்ளிகளில் முழு ஆண்டு தங்கிப் படிக்க 60,000 டாலருக்கு மேல் ஆகும். பந்தயக் கட்டணம், வெளிநாட்டு முகாம், பலகை, காலணி ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. உதவித்தொகை தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள், ஏனெனில் இடம் உறுதியான பிறகு கேட்கும்போது அந்த ஆண்டுக்கான தொகை பெரும்பாலும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும்.