டைம்-லாப்ஸ் இன்குபேட்டருக்கு தனியா காசு கேக்குறாங்க, கட்டலாமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு:
வணக்கம். கடலூர்ல இருந்து பாண்டில ஒரு சென்டருக்கு ஐவிஎஃப்க்கு போறோம், ஸ்கேனுக்கு பஸ்ல போய் போய் அரியாங்குப்பம் பாலம் வந்தா கண்ண மூடிட்டு இருந்தாலும் தெரியுது. நேத்து, கேமரா வச்ச இன்குபேட்டர்ல வளத்தா நல்ல கருவா பாத்து எடுக்கலாம், 40,000 எக்ஸ்ட்ரான்னாங்க. வீடியோவும் காட்டுனாங்க, ஒரு செல்லு ரெண்டாகி நாலாகி... எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, இவரு உடனே தலையாட்ட போயிட்டாரு. ஏற்கனவே வளையல் ரெண்டும் அடகுல இருக்கு. வியாழக்கிழமை முட்டை எடுக்குறாங்க. யாராச்சும் போட்டிருக்கீங்களா?

லாஸ்பேட்டை அக்கா:
நாங்க போட்டோம்மா. கேமரால பாத்து ஃபர்ஸ்ட்டுனு எடுத்து வச்ச கரு ஒட்டல. அதே பேட்ச்ல ஃப்ரீஸ் பண்ணி வச்சதுல கடைசி ரேங்க்தான் இப்ப என் சேலைய புடிச்சு இழுத்துட்டு நிக்கிறா. என் ஒருத்தி கதைய வச்சு முடிவு பண்ணாத, ஆனா வளையல அடகு வச்சு கட்டாத.

பழைய லேப்காரன்:
எம்ப்ரியாலஜி லேப்ல, அதாவது கருவ வளக்குற லேப்ல, வேலை பாத்தவன் நான். சாதா இன்குபேட்டர்ல கரு இருக்குற டிஷ்ஷ வெளிய எடுத்து மைக்ராஸ்கோப்ல பாப்போம், மறுநாள் காலைல கரு கூடிருக்கான்னு, மூணாவது நாள் சுமார் எட்டு செல், அஞ்சாவது நாள் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது உள்ள தண்ணி கோத்து பந்து மாதிரி ஆன கரு. கேமரா பெட்டில எடுக்கவே வேணாம், சில நிமிஷத்துக்கு ஒரு தடவ அதுவே போட்டோ எடுத்துக்கும். ஒரு செல்லு நேரா மூணா பிரியுற மாதிரி கோளாறு ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்தா நாங்க பாக்க மாட்டோம், அது பாத்துடும். எங்களுக்கு ரொம்ப வசதி, பொய் சொல்லல.

ஆனா குழந்தை பொறக்குதாங்குறதுதான கேள்வி? பிரிட்டன், ஹாங்காங்ல 1,575 பேர வச்சு பாத்த டில்ட்னு ஒரு ஆராய்ச்சி 2024ல லான்செட்ங்குற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. கேமரா பாத்து எடுத்தவங்கள்ல 33.7 சதவீதம் பேருக்கு குழந்தை பொறந்துச்சு, சாதாவா எடுத்தவங்கள்ல 33.0, அவ்ளோதான் வித்தியாசம். காரணம் சிம்பிள்ங்க, கேமரா கருவ நல்லதாக்காது, இருக்குறதுல எத முதல்ல வைக்கலாம்னு வரிசைதான் சொல்லும். மூணு கரு தேறுதுன்னா மீதி ரெண்டும் ஃப்ரீஸ்லதான இருக்கப்போவுது, இது ஒட்டலன்னா அடுத்தத வைக்கப்போறீங்க. அந்த 40,000 அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது அடுத்த கருவ உள்ள வைக்கிறதுக்கு, கைல இருக்கட்டும்.

போனதும் ஒண்ணு கேளுங்க, அவங்ககிட்ட வேற இன்குபேட்டர் இருக்கான்னு. எல்லார் கருவையும் அதே பெட்டிலதான் வைக்கிறாங்கன்னா எதுக்கு தனி பில்லு?

மஞ்சக்குப்பம் பொண்ணு:
போன் பண்ணி கேட்டேன் அண்ணா. இருக்கறது அந்த மெஷின் மட்டும்தானாம், காசு கட்டுனா "ரிப்போர்ட்டும் வீடியோவும்" தருவாங்களாம்! வேணாம்னுட்டேன். இவருதான் வீடியோவ மட்டும் கம்மி ரேட்டுக்கு தருவாங்களான்னு கேட்டுட்டு இருக்காரு.