அம்மாவுக்கு அடுத்து என்ன நாவல் கொடுக்கலாம்?

உப்புவெளிக்காரி:
அம்மா ரமணிசந்திரன் எல்லாம் முடித்துவிட்டா. அட்டை கிழிந்ததுகளைக் கோதுமை மாப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறா. ராஜேஷ்குமார் கொடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு மூடிவைக்கிறா. காதலும் வேண்டுமாம், கொஞ்சம் பரபரப்பும் வேண்டுமாம். என்ன கொடுக்கலாம்?

கொட்டியாரத்தான்:
நம்ம ஊர் ஆளிலிருந்தே தொடங்குங்கோ தங்கச்சி. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’, 1895இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். நாயக்கர் காலம், மன்னர் சொக்கநாத நாயக்கரின் காதல், அரசியல் சூழ்ச்சி. நடை பழசு, தொடக்கம் கொஞ்சம் இழுக்கும். நீங்களே வாசித்துக் காட்டினால் நல்லது.

கடற்கரை வீதி:
ஊர்க்கதை பிடிக்குமென்றால் மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் ‘இலக்கிய நினைவுகள்’. நாவல் இல்லை, அவருடைய சொந்த நினைவுகள். ‘தோணி’ சிறுகதைகள் எழுதினவர்தான். ‘நூலகம்’ (noolaham.org) இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

உப்புவெளிக்காரி:
நன்றி அண்ணா. போனில் என்றால் அம்மா கண்ணாடியைத் தூக்கி எறிவா. பிரின்ட் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். சரி, முதலில் மோகனாங்கி. சூழ்ச்சி என்றதும் இப்பவே கேட்கிறா, யார் செய்தது என்று.