மகரக்கட்டு வந்த பையன்களையும் பாட வைத்த எங்கள் பாட்டு சார்

எங்கள் பாட்டு சார் போன வாரம் காலமானார். திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு நினைவை எழுதுவோம் என்று பேசிக்கொண்டோம். என் பங்கு இது.

எட்டாம் வகுப்பில் எனக்கு மகரக்கட்டு வந்தது, அதாவது வளர்கிற வயதில் பையன்களுக்குக் குரல் மாறுவது. அதுவரை காலைப் பிரார்த்தனையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன் நான். ஒருநாள் தமிழ்த்தாய் வாழ்த்தில் மேலே போகிற இடத்தில் குரல் கீச்சென்று பிளந்துவிட்டது. பையன்கள் சிரித்தார்கள். மறுநாளே பின்வரிசைக்குப் போய் வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தேன். அத்தனை பிள்ளைகள் பாடுகிற மைதானத்தில் ஒருவன் பாடாமல் நிற்பது அவர் காதுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, கூப்பிட்டுவிட்டார்.

"குரல் உடையலடா, இறங்குது. அது இறங்கினா நாமளும் சுருதியை இறக்கிக்குவோம்" என்றார். ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்தவனை ஆர்மோனியத்தில் படிப்படியாகக் கீழே கொண்டுவந்து, தொண்டை சிரமப்படாமல் ஸட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ', எங்கே நிற்கிறது என்று பார்த்தார். இரண்டு கட்டையில் நின்றது. மேல் ஸ்தாயியைத் தொடவே கூடாது என்று கண்டிப்பு. மாயாமாளவகௌளை ராகத்தில் பாடுகிற ஆரம்பப் பாடமான சரளி வரிசையைக்கூட, நடுவில் வரும் 'ப' என்ற பஞ்சமத்தோடு திரும்பிவிட வேண்டும். மற்ற நேரம் சுருதிப் பெட்டியின் துருத்தி என் கையில். "காது கெடாம இருந்தா குரல் தானா வந்து சேரும்" என்பார். என்னைப் போன்ற மற்ற பையன்களையும் சேர்த்துக் கீழ் ஸ்தாயியில் பாட ஒரு வரிசையே அமைத்தார். குரல் போனவன் என்று யாரையும் அவர் வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை. பாட்டு சொல்லித்தருகிறவர்கள் பலரிடம் இந்தப் பொறுமை இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

துக்கம் விசாரிக்கப் போனபோது, லாரி ஓட்டுகிற ஒரு நண்பன் சொன்னான்: "எனக்குச் சுருதியே நிக்காது. ஆதி தாளம் போடுடான்னு முன்னாடி நிறுத்துனாரு. எல்லாரும் என் கையைப் பாத்துத்தான் பாடணும்னு சொல்லிட்டாரு." சொல்லும்போதே அவன் விரல் தொடையில் எண்ண ஆரம்பித்துவிட்டது.

எங்களில் பெரும்பாலோர் வீட்டில் சங்கீத வாசனையே கிடையாது. ராகம் என்றால் என்னவென்று எங்களுக்குப் புரியவைத்தது தமிழ்த்தாய் வாழ்த்துதான். "தினமும் நீங்க பாடுறது மோகனம். எம்.எஸ். விசுவநாதன் போட்ட மெட்டு. இதுல 'ம'ங்கிற மத்தியமமும் 'நி'ங்கிற நிஷாதமும் வராது, தேடிப் பாருங்க" என்பார். நாங்களும் தேடுவோம். பரீட்சை நெருங்கினால் பாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர் சண்டைக்குப் போகமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்கள் வரலாம்.

அப்புறம், நம் வகுப்புத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் பத்துக் குறளுக்கும் சார் சொந்தமாக மெட்டுப் போட்டுச் சொல்லித்தந்தார். எங்கும் எழுதிவைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை என்று அவர் மகள் சொன்னார். 'கற்க கசடற' மோகனத்திலும் 'தொட்டனைத் தூறும்' ஆனந்தபைரவியிலும் இருந்தன. இந்த இரண்டும் எனக்கு முழுதாக நினைவிருக்கின்றன, பாடிப் பதிந்துவிட்டேன். மீதி எட்டில் யாருக்கு எது நினைவிருந்தாலும், ஒரு வரியானாலும் சரி, செல்போனில் பாடி அனுப்புங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.