இங்கிலாந்து பிரைமரி ஸ்கூல்: ட்ரிப், டிரஸ்-அப் நாள், ஷோ அண்ட் டெல் – புதுசா வந்தவங்களுக்கு

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்து வந்து மூணு வாரம் ஆகுது. பையன் இயர் 2, பொண்ணு ரிசப்ஷன் (இயர் 1க்கு முந்தின வகுப்பு). ஸ்கூல் ஆப்ல தினமும் ஏதாவது ஒண்ணு வருது. இப்ப பையனுக்கு மியூசியம் ட்ரிப், "வாலன்டரி கான்ட்ரிப்யூஷன்" (விருப்பப் பங்களிப்பு) 14 பவுண்டுன்னு போட்டிருக்காங்க. கட்டியே ஆகணுமா? மதியத்துக்கு என்ன கொடுத்து விடுறது? இல்ல, அன்னைக்கு ஒரு நாள் வீட்லயே வெச்சுக்கலாமா?

ரெடிங் அண்ணா:
கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன். வீட்ல வெச்சுக்காதீங்க. ட்ரிப் நாளும் பாட நாள்தான். ட்ரிப்புக்கு அனுப்ப இஷ்டம் இல்லன்னா ஆபீஸ்ல சொல்லிட்டு ஸ்கூலுக்கு அனுப்புங்க, வேற வகுப்புல உட்கார வெச்சு வேலை கொடுப்பாங்க. வீட்ல நிறுத்தினா அனுமதியில்லாத லீவுன்னு பதிவாகும். ஒரு நாளுக்கு அபராதம் வராது. ஆனா 10 பள்ளி வாரத்துக்குள்ள இப்படி 10 அரை நாள் சேர்ந்துட்டா, 2024 ஆகஸ்ட்ல இருந்து ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒருத்தருக்கு 80 பவுண்டு. 21 நாள்ல கட்டலன்னா 160.

பணம்: பள்ளி நேரத்துல நடக்கிற பாடத்துக்கும் அது சம்பந்தமான பயணத்துக்கும் அரசுப் பள்ளி கட்டணம் வாங்கக் கூடாதுன்னு 1996 எஜுகேஷன் ஆக்ட்லயே இருக்கு. அதனாலதான் "வாலன்டரி"ன்னு போடுறாங்க. கொடுக்காத வீட்டுப் பிள்ளையை மட்டும் விட்டுட்டுப் போகவும் முடியாது. ஆனா வகுப்புல பாதிப் பேர் கொடுக்காம விட்டா ட்ரிப்பையே ரத்து பண்ணலாம், அதுக்கு சட்டத்துல இடம் இருக்கு. பிரிட்டிஷ் மியூசியம், சயன்ஸ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் எல்லாம் நுழைவு இலவசம்தான். காசு போறது கோச்சுக்கு (வாடகை பஸ்). முடிஞ்சா கட்டுங்க. இப்போதைக்கு முடியலன்னா "இந்தத் தடவை 5 பவுண்டுதான் முடியும்"னு ஆபீசுக்கு ஒரு வரி எழுதினா போதும், காரணம் விளக்க வேண்டாம்.

புதுசா வர்றவங்க தவற விடுறது பணத்துல இல்ல, சம்மதத்துல. பல ஆப்ல பணம் கட்டுறது ஒரு பக்கம், கன்சென்ட் டிக் பண்றது இன்னொரு பக்கம். பணம் கட்டியாச்சே, போதும்னு விட்டுடாதீங்க. கடைசித் தேதியையும் பாருங்க. கோச்சும் சாப்பாடும் அந்தக் கணக்கை வெச்சுத்தான் சொல்லி வைப்பாங்க.

சாப்பாடு: ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 மூணுக்கும் அரசுப் பள்ளியில மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். லண்டன்ல 2023 செப்டம்பர்ல இருந்து இயர் 6 வரைக்குமே இலவசம். விசாவுல "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரசு உதவிப் பணம் கிடையாது)னு இருக்கேன்னு பயப்பட வேண்டாம், இந்தச் சாப்பாடு அந்தக் கணக்குல வராது. ட்ரிப் அன்னைக்கு பதிலா ஸ்கூலே பேக்டு லஞ்ச் தரும். ஃபார்ம்ல அதைக் கேட்கணும். பெரும்பாலும் சீஸ் சாண்ட்விச், இல்லன்னா ஹாம். ஹாம்னா பன்றி இறைச்சி. வேண்டாம்னா தெளிவா எழுதிடுங்க.

நீங்களே கொடுத்து விடுறதா இருந்தா, முதல்ல சோறை மறந்துடுங்க. காலை ஏழரைக்கு சூடா டப்பாவுல அடைச்ச சாதம் பன்னிரண்டரைக்கு வெதுவெதுன்னு இருக்கும். சோத்துல கிருமி பெருக அந்தச் சூடுதான் தோது. ஸ்கூல்லயும் மியூசியத்துலயும் சூடு பண்ணித் தர மாட்டாங்க. தரையில உட்கார்ந்து, இருபது நிமிஷத்துல, பக்கத்துல அறுபது பிள்ளைங்க கத்துற இடத்துல ஸ்பூன் வெச்சு சாப்பிடணும், பாதி கீழே போகும். தயிர் சாதம்னா ஐஸ் பேக் கட்டாயம். கையால எடுத்துச் சாப்பிடுறதுதான் சரி: உருளைக்கிழங்கு வெச்ச சப்பாத்தி ரோல், ஆறின தோசையைச் சுருட்டி இரண்டு துண்டு, நாலு குட்டி இட்லி. டப்பா மூடியைப் பிள்ளை தானே திறக்குதான்னு முதல் நாளே பாருங்க. நம்ம ஊர் எவர்சில்வர் டிபன் கிளிப் ஆறு வயசுக் கைக்கு அசையாது.

கடலை, முந்திரி, பாதாம் எதுவும் கூடாது. இதுல நமக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. இட்லிப் பொடியில எள்ளும் சில வீட்ல வேர்க்கடலையும் இருக்கும், எலுமிச்சை சாதம் தாளிக்கிறதுலயும் கடலை போடுவோம். எள் இங்க அறிவிச்சே ஆக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்ல ஒண்ணு. கடலை மிட்டாய், எள்ளுருண்டை பக்கமே போகாதீங்க. சின்னவளுக்கு திராட்சை கொடுத்தா நீளவாக்குல நாலா வெட்டுங்க, முழுசா தொண்டையில அடைச்சுக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபிஸ்ஸி டிரிங்க்ஸ் வேண்டாம். தூக்கிப் போடுற பையில கொடுக்கச் சொன்னா அப்படியே செய்யுங்க. நல்ல டப்பா போச்சுன்னா போனதுதான்.

ஈஸ்ட் ஹாம்:
ட்ரிப் எதுக்குன்னு அந்தக் கடிதத்துலயே ஒரு வரி இருக்கும், அதை விட்டுடாதீங்க. இங்க ட்ரிப்பும் வகுப்பு வேலையும் ஒரே கயிறு. இயர் 1, 2 பிள்ளைங்களுக்கு நிறைய ஸ்கூல்ல லண்டன் பெருந்தீ பாடம் வரும். 1666 செப்டம்பர் 2, புட்டிங் லேன் பேக்கரியில பிடிச்ச தீ. அந்தப் பாடத்தை ஒட்டி மான்யுமென்ட்டுக்கு (அந்தத் தீயோட நினைவுத் தூண்) கூட்டிட்டுப் போனா உள்ளே 311 படி, ஷூ முக்கியம். வந்ததும் அட்டைப் பெட்டியில வீடு செய்யச் சொல்வாங்க. சில ஸ்கூல்ல அந்த வீடுகளை வரிசையா மைதானத்துல நிறுத்தி, பெரியவங்க கொளுத்திக் காட்டுவாங்க. நெருக்கமா இருக்கிறது எப்படிப் பத்துது, நடுவுல இடம் விட்டா எப்படி நிக்குதுன்னு பிள்ளைங்க பார்க்கிறதுதான் பாடம். அதனால செஞ்ச வீடு திரும்பி வரலன்னா கோபப்படாதீங்க.

அந்த வீட்டுக்கு சீரியல் (கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரி) அட்டைப் பெட்டி கேட்பாங்க. பளபளன்னு இருக்கிற பக்கத்துல பெயின்ட் ஒட்டாது. ஒட்டின ஓரத்தைப் பிரிச்சு, உட்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி மறுபடி ஒட்டிக் கொடுங்க. நட்ஸ் போட்ட சீரியல் பெட்டியும் டாய்லெட் ரோல் குழாயும் சில ஸ்கூல்ல வாங்க மாட்டாங்க. கிச்சன் ரோல் குழாய் பரவாயில்ல.

டிரஸ்-அப் நாள்களை இப்பவே காலண்டர்ல குறிச்சுக்கோங்க. நவம்பர்ல ஆன்டி-புல்லியிங் வீக் (பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கொடுமைப்படுத்துறதுக்கு எதிரான வாரம்), அதுல ஆட் சாக்ஸ் டே (இரண்டு காலுக்கும் வேற வேற சாக்ஸ், அவ்வளவுதான்). அதே மாசம் சில்ட்ரன் இன் நீட் (பிள்ளைங்களுக்கு நிதி திரட்டுற நாள்), புள்ளி போட்ட துணி. டிசம்பர்ல கிறிஸ்மஸ் ஜம்பர் (ஸ்வெட்டர்). மார்ச் முதல் வியாழன் வேர்ல்ட் புக் டே, புத்தகத்துல வர்ற ஒரு ஆளா வேஷம் போடுற நாள். உலகத்துல வேற இடங்கள்ல இது ஏப்ரல் 23, இங்கயும் அயர்லாந்துலயும் மட்டும் மார்ச். 20 பவுண்டு கொடுத்து ஆன்லைன்ல டிரஸ் வாங்காதீங்க. பட்டு வேட்டியும் துண்டும் கட்டி தெனாலிராமன் கதைப் புத்தகத்தைக் கையில கொடுத்தா முடிஞ்சது. புத்தகம் கையில இருக்கணும், "யார் நீ?"ன்னு கேட்டா பிள்ளை ஒரு வரி சொல்லணும். அறுவடை விழாவுக்கு சாப்பாட்டு டின் கேட்டா எக்ஸ்பயரி பார்த்துட்டு அனுப்புங்க, அது ஃபுட் பேங்குக்கு (இல்லாதவங்களுக்குச் சாப்பாட்டுப் பொருள் கொடுக்கிற இடம்) போகும்.

பி.இ. (உடற்பயிற்சி வகுப்பு), நீச்சல் நாள்ல தோடு, வளையல், கொலுசு, கையில கட்டின கறுப்புக் கயிறு எல்லாம் கழற்றணும். சாமி கயிறுன்னா முன்னாடியே டீச்சர்கிட்ட பேசுங்க, பல இடத்துல மணிக்கட்டுல ஸ்வெட் பேண்ட் (வியர்வைப் பட்டை) போட்டு மூட விடுவாங்க. பொண்ணுக்கு காது குத்தப் போறீங்கன்னா ஜூலை கடைசியில, கோடை லீவு தொடங்கின அன்னைக்கே குத்துங்க. துளை ஆற ஆறு வாரம் ஆகும், லீவும் ஆறு வாரம். அக்டோபர்ல குத்தினா தோட்டைக் கழற்றவும் முடியாது, பி.இ.யில சேர்க்கவும் மாட்டாங்க.

நீச்சல் பாடத்திட்டத்துலயே இருக்கு: இயர் 6 முடியறதுக்குள்ள 25 மீட்டர் நீந்தணும். ஒட்டினாப்புல இருக்கிற டிரங்க்ஸ் வேணும், தொளதொள பெர்முடா ஷார்ட்ஸ் பல குளத்துல விட மாட்டாங்க. அன்னைக்குக் காலையில தலைக்கு எண்ணெய் வெச்சா கேப் வழுக்கிட்டே இருக்கும்.

ஹாரோ அக்கா:
ட்ரிப்பை விட வகுப்புக்குள்ள நடக்கிறதைக் கொஞ்சம் கவனியுங்கோ. ரிசப்ஷன் பிள்ளைக்கு ஏ, பீ, சீ எண்டு எழுத்தின்ர பேரைச் சொல்லிக் குடுக்க அவசரப்படாதேங்கோ. இஞ்ச ஃபோனிக்ஸ், முதல் ஒலிதான். தமிழ் படிச்ச எங்களுக்கு இது லேசு: மெய்யெழுத்தாச் சொல்லவேணும், உயிர்மெய்யா இல்லை. ஸ்-இ-ட் எண்டால் சேர்த்து "ஸிட்" வரும். ஸ-இ-ட எண்டு சொல்லிக் குடுத்தால் பிள்ளை "ஸஇட" எண்டுதான் வாசிக்கும். புள்ளியை மறக்காதேங்கோ.

எங்கட பிள்ளையள் தடுமாறுறது இரண்டு இடத்தில. ஒண்டு, எங்கட "ப்" ஒண்டுதான், இங்கிலீஷில இரண்டு ஒலி. வாய்க்கு முன்னால ஒரு துண்டு பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு சொல்லச் சொல்லுங்கோ: பென் (பேனா) எண்டேக்க பேப்பர் அசையும், பெட் (கட்டில்) எண்டேக்க பெரிசா அசையாது. மற்றது "வ்". வேன் எண்டால் மேல்பல்லு கீழுதட்டில படவேணும், விண்டோ எண்டால் உதடு குவியவேணும்.

உங்கட மகன் இயர் 2வில சேர்ந்திருக்கிறார் எண்டால் ஜூன் மாதம் ஃபோனிக்ஸ் செக் இருக்கும். வழமையா இயர் 1வில வைக்கிறது, அப்ப எழுதாத பிள்ளையளுக்கு இயர் 2வில வைப்பினம். 40 சொல், டீச்சரோட தனிய இருந்து வாசிக்கவேணும். அதில 20 சொல் அர்த்தமே இல்லாத பொய்ச் சொல்லு. வீட்டில பழக்கேக்க அச்சுப்பிழை எண்டு நினைச்சு நீங்கள் அதைத் திருத்திக் குடுத்தீங்களெண்டால் எல்லாம் பிழைச்சிடும். தெரிஞ்ச சொல்லு மாதிரி மாத்தாமல் எழுத்தில இருக்கிறபடி வாசிக்கப் பழக்குங்கோ.

ஷோ அண்ட் டெல் எண்டால் வீட்டுப் பொருள் ஒண்டை வகுப்பில காட்டி அதைப் பற்றிச் சொல்லுறது. அதுக்கு விலை கூடின சாமான் வேண்டாம், துலைஞ்சால் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை. தொட்டுப் பாக்கக்கூடிய ஒண்டு நல்லது. பல்லாங்குழிப் பலகை, பனையோலைப் பெட்டி, சின்ன உரல் இப்படி. ரிசப்ஷனுக்கு சோழியும் மஞ்சாடியும் குடுத்துவிடாதேங்கோ, வாயில போட்டிடுவினம். மூண்டு வசனம் பழக்கினால் காணும்: இது என்ன, எங்கயிருந்து வந்தது, எப்பிடிப் பாவிக்கிறது. பிறகு பிள்ளையள் கேள்வி கேப்பினம். அதுக்கு வீட்டில ஒருக்கா நீங்களே கேள்வி கேட்டுப் பழக்குங்கோ, இல்லாட்டி பிள்ளை அங்க முழிச்சுக்கொண்டு நிக்கும்.

கேள்வி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. "பேரன்ட் ஹெல்ப்பர்ஸ் வேணும்"னும் போட்டிருக்காங்க. நான் போனா பையன் கூடவே இருக்கலாமா? அவனுக்கு பஸ்ல வாந்தி வரும்.

ரெடிங் அண்ணா:
போகலாம், ஆனா உங்க பையன் குழுவே உங்ககிட்ட வரும்னு எதிர்பார்க்காதீங்க. வேணும்னே மாத்திப் போடுற டீச்சர்கள் நிறைய, அம்மா அப்பா பக்கத்துல இருந்தா பிள்ளை அடம் பிடிக்கும்னு. இயர் 1-3ல வழக்கமா ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர். உங்க வேலை எண்ணுறது: ஏறும்போது, இறங்கும்போது, டாய்லெட் முடிஞ்சு. பிள்ளையை டாய்லெட்டுக்குள்ள தனியா நீங்க கூட்டிட்டுப் போகக் கூடாது, ஸ்டாஃப்கிட்ட சொல்லுங்க. போட்டோ எடுக்காதீங்க, உங்க பையனைக்கூட, பின்னாடி வேற பிள்ளை விழும். உங்க குழுவுக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காதீங்க. டீச்சர் கூடவே இருக்கிற ஒரு நாள் உதவிக்கு பெரும்பாலும் டி.பி.எஸ். சரிபார்ப்பு (குற்றப் பின்னணி இருக்கான்னு பார்க்கிறது) கேட்க மாட்டாங்க. வாரா வாரம் வாசிப்புக்கு உதவப் போறதா இருந்தா கேட்பாங்க, வாலன்டியருக்கு அதுக்கு அரசுக் கட்டணம் கிடையாது.

வாந்திக்கு: கோச்சுல முன் இருக்கை கேட்டு டீச்சருக்கு முதல் நாளே எழுதுங்க. பைக்குள்ள மாத்திரையை வெச்சு "பஸ்ல ஏறினதும் போட்டுக்கோ"ன்னு சொல்லி அனுப்பிடாதீங்க, அது பெரிய தப்பு இங்க. மருந்து எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல கொடுத்து ஃபார்ம் எழுதணும். ஊர்ல இருந்து கொண்டு வந்த ஸ்ட்ரிப்பை வாங்க மாட்டாங்க, பார்மசி லேபிளோட, அதே பெட்டியில, தேதி முடியாம இருக்கணும். கூட ஒரு செட் டிரஸ் பையில வெச்சு விடுங்க, எல்லாத்துலயும் பெயர் எழுதி. காலையில பால் வேண்டாம்.