தானே ஜெர்க்கின் மாட்டின பொண்ணு

மேல்மலைக்காரன்:
கொடைக்கானல் நாயுடுபுரம் பஸ் ஸ்டாப், காலையில நல்ல மூடுபனி. நாலு வயசுப் பொண்ணு ஜெர்க்கினை உள்பக்கம் மேல தெரிய விரிச்சா. கழுத்துப் பட்டை தன் கால்பக்கம். குனிஞ்சு ரெண்டு கையையும் உள்ள விட்டு, தலைக்கு மேல தூக்கி முதுகுல போட்டுக்கிட்டா! அம்மா ஜிப்போட அடிமுனையை மட்டும் கோத்துவிட்டாங்க, இழுத்தது அவதான். கழுத்துப் பட்டை எதிர்ப்பக்கம் போனா தலைகீழாத்தான் ஏறும். முன்பக்கம் திறக்காத ஸ்வெட்டருக்கு இது ஆகாது. பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆரம்பிக்கணும், ஹார்ன் அடிச்சுட்டா நம்ம கை சும்மா இருக்காது.

குன்னூர் சாரல்:
ஈரத்தரையில விரிச்சா ஜெர்க்கின் என்னத்துக்கு ஆகும்? இங்கிலாந்துல இருக்கிற சம்மர்ஹில் பள்ளிக்கூடம் மாதிரி விதியே வேண்டாம்னு விடறது இங்க நடக்காதுங்க. தேயிலைத் தோட்டப் பாதையில காட்டெருமை நிக்குது, அஞ்சு வயசுப் பையன் "பெரிய மாடு"ன்னு கையை உதறுறான். பாட்டி பிடி விடலை. அந்த இடத்துல என்ன சுதந்திரம்?

குறிஞ்சி:
சாரல், சம்மர்ஹில்ல விதிகள் நிறையவே உண்டு. 1921ல ஏ.எஸ். நீல் அந்தப் பள்ளியைத் தொடங்கினதுல இருந்து பாடத்துக்குப் போறதுதான் பிள்ளைங்க இஷ்டம். விதியைக் கூட்டத்துல ஓட்டுப் போட்டு வைக்கிறாங்க, ஆசிரியருக்கும் ஒரு ஓட்டுதான். 1942லிருந்து 1944 வரை நம்ம கொடைக்கானல்லயே இருந்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரும் இஷ்டத்துக்கு விடச் சொல்லலை. இடத்தைக் குழந்தை அளவுக்கு அமைச்சுட்டு, அதுக்குள்ள விடச் சொன்னாங்க.

ஒரு பால்வாடியில தண்ணி சிந்தின பையன் துணி தேடினான். துணி மாட்டின ஆணி டீச்சர் தோள் உயரத்துல. குல்லாவைக் கழட்டித் துடைச்சான்.

யாரும் கேக்கலை, இருந்தாலும் பிள்ளைங்க தானே தண்ணி ஊத்திப் பழக வழி சொல்றேன். விளிம்பு வச்ச தட்டு, கைப்பிடி வச்ச ரெண்டு சின்ன ஜக்கு, ஒரு ஸ்பாஞ்சு. முதல்ல அரிசி, கை நின்னதும் தண்ணி. ஜக்குல பாதிக்கு மேல வேண்டாம், நிரம்பினா முதல் சாய்ப்புலயே கொட்டும். இந்தக் குளிருக்கு வெதுவெதுப்பா எடுங்க, விரல் மரத்தா பிடி நழுவும். ஒரு தடவை பேசாம, மெதுவா செஞ்சு காட்டினா போதும். பேசினா நம்ம வாயைத்தான் பாப்பாங்க, கையை இல்ல. சிந்தினதை நாம துடைச்சா, அடுத்த தடவையும் நம்மளைத்தான் பாக்கும்.

மேல்மலைக்காரன்:
காட்டெருமை விஷயத்துல பாட்டிதான் சரி, அதுல ஓட்டெல்லாம் கிடையாது. கையைப் பிடிச்சு, ஓடாம, பின்வாங்கி வழி விடணும். ஈரத்தரைக்கு அடியில ஒரு சாக்கு போதும் சாரல்.