ரகசிய நீதிமன்ற மசோதா: எம்.பி.க்குக் கடிதம் எழுத உதவி தேவை (2012-இல் எழுதிய பதிவு)

பிரிட்டனில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி. 2012 மே மாதம் பிரபுக்கள் சபைக்கு (பிரிட்டன் பாராளுமன்றத்தின் மேலவைக்கு) வந்த நீதி, பாதுகாப்பு மசோதாவை, அதாவது இந்த ரகசிய நீதிமன்ற மசோதாவை எதிர்த்து எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுகிறோம். அரசுமேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டால், 'தேசப் பாதுகாப்பு' என்று சொல்லி அரசு தன் ஆதாரத்தை நீதிபதியிடம் ரகசியமாகக் காட்டலாமாம். வழக்குப் போட்டவரும் அவருடைய வக்கீலும் வெளியே நிற்க வேண்டும். அவர் சார்பில் உள்ளே போகும் சிறப்பு வக்கீல், ஆதாரத்தைப் பார்த்தபின் அனுமதியில்லாமல் வழக்குப் போட்டவரிடம் பேசக்கூடாது. அப்புறம் எதை மறுப்பது?

அதே ஆண்டு ஜூனில் வந்த தகவல்தொடர்புத் தரவு வரைவு மசோதா இன்னொன்று. யார், யாருக்கு, எப்போது, எங்கிருந்து பேசினார் என்பதைத் தொலைபேசி, இணைய நிறுவனங்கள் 12 மாதம் சேமிக்க வேண்டும் என்கிறது. பேச்சைக் கேட்கமாட்டார்களாம், சரி. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டது தெரிந்தால் போதாதா?

கோயிலில் கையெழுத்து கேட்டபோது ஒரு ஐயா, "நமக்கேன் தம்பி வம்பு?" என்றார். அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் தமிழில் எழுதித்தர யாராவது வருவீர்களா? சிவில் வழக்கு தெரிந்த வக்கீல் யாராவது சரிபார்த்தால் இன்னும் நல்லது. நீங்களும் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், முகவரி போட மறக்காதீர்கள், தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் பதில் வரும்.