மூத்த வித்வானின் கச்சேரி: குரல் தளர்ந்த பிறகு எப்படிக் கேட்பது?

கும்பகோணத்து ரசிகன் கேட்டது:

சென்ற மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் நடந்த மாலைக் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது. பாடியவர் எண்பதைக் கடந்த வித்வான். அவருடைய குரலைப் பற்றிப் பேசவேண்டியிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை; அவரைக் குறை கூறுவதாக யாருக்கும் தோன்றிவிடக்கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு ராமநவமி உற்சவப் பந்தலில் அவரை முதலில் கேட்டேன். அன்று முதல் அவர் சென்னையில் பாடும் கச்சேரி எதையும், வீட்டில் துக்கம் நேர்ந்த ஓர் ஆண்டைத் தவிர, நான் விட்டதில்லை.

அந்த நாளில் இரண்டு கட்டை ஸ்ருதியில் (கட்டை என்பது ஆதார ஸ்ருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடியவர் இப்போது ஒரு கட்டைக்கு இறங்கியிருக்கிறார். இரண்டு சிஷ்யர்கள் தாங்கிப் பிடித்து மேடையேற்றினார்கள். பக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க். ஒவ்வொரு உருப்படிக்குப் பிறகும் பின்னால் தம்புரா மீட்டிய பெண் தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டே எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். கச்சேரியைத் தொடங்கும் உருப்படியான வர்ணத்தில் குரல் பிடிகொடுக்கவில்லை. இரண்டாவது கிருதிக்குள் கொஞ்சம் திறந்துகொண்டது. பிரதான ராகமாகத் தோடியை எடுத்தார்.

தாளமின்றி ராகத்தை விரித்து அரை மணி நேரம் நீண்ட அந்த ஆலாபனையின் நடுவே நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். தைவதத்திலும் நிஷாதத்திலும் நின்று படிப்படியாக மேலே கட்டிக்கொண்டு போனவர், மேல் ஸ்தாயியின் ‘ச’வான தார ஷட்ஜத்தைத் தொடக் கையை உயர்த்தினார். வாய் திறந்தது, காற்று மட்டுமே வந்தது. வயலின்காரர் ஒரு கணமும் தாமதிக்காமல் அந்த ஷட்ஜத்தை நீண்ட வில்லில் பிடித்து நிறுத்தினார். வித்வான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். ‘பலே’ என்று அவர் உதடு அசைந்ததை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். பிறகு, தாம் எட்டாத அந்த ஸ்தாயியிலிருந்தே புறப்பட்டவரைப் போல, அங்கிருந்து மத்திய ஸ்தாயி காந்தாரம் வரை ஒரே பிடியாக இறங்கினார். அந்த இறக்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

என்னுடன் வந்த இளம் நண்பர் நன்றாகப் பாடத் தெரிந்தவர். வெளியே வந்ததும், “பெரியவர் பத்து வருஷத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கலாம், இது அவருக்கே நியாயமில்லை” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் அன்று கேட்டது அந்த மாலையின் சங்கீதத்தையா, முப்பது ஆண்டுகளாக என் காதில் சேர்ந்திருப்பதையா? பெரியவர்களின் கச்சேரியை நியாயமாகக் கேட்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லவேண்டும்.

தஞ்சை மூர்த்தி எழுதியது:

உங்கள் நண்பரின் கருத்தைத் தள்ளிவிட முடியாது, ஐயா. அப்படி முடிவெடுத்த பெரியவர்களும் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். முசிறி சுப்பிரமணிய ஐயர் புகழின் உச்சத்திலேயே உடல்நலத்தை முன்னிட்டுக் கச்சேரிகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டு, 1949இல் சென்னையில் தொடங்கிய சங்கீதக் கல்லூரிக்கு முதல்வரானார். பாடலின் ஒரு வரியை விதவிதமாக விரித்துப் பாடும் அவருடைய நிரவலின் உருக்கம் சிஷ்யர்களின் குரல்களில் இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1997இல் கணவர் சதாசிவம் மறைந்த பின் பொதுமேடையில் பாடவில்லை.

ஆனால் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரை நினைத்துப் பாருங்கள். 1908இல் பிறந்தவர், 1947இலேயே மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், எண்பதைத் தாண்டிய பிறகும் மேடையேறினார். அவருக்கு இளமையிலும் குரல் எளிதில் வசப்படவில்லை. சற்று மூக்கோசை கலந்த, முரண்டு பிடிக்கிற குரல். அதை அசுர சாதகத்தால் பழக்கியவர். குரல் ஒத்துழைக்காதபோது என்ன செய்வது என்பதை இருபது வயதிலேயே கற்றுக்கொண்டவருக்கு எண்பது வயதில் அது புதிய பிரச்சினையாக இருந்திருக்காது. பிறவியிலேயே குரல்வளம் வாய்த்தவர்களுக்கு முதுமை கடினமாக இருப்பதும், குரலோடு போராடியவர்கள் கடைசிவரை தாக்குப்பிடிப்பதும் நான் மீண்டும் மீண்டும் பார்த்தது.

எம்.டி. ராமநாதனையும் இங்கே சொல்லவேண்டும், அவருக்கு வயது காரணமில்லை என்றாலும். டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யரான அவர் தாழ்ந்த ஸ்ருதியில், மிக நிதானமான காலப்பிரமாணத்தில் (வேகத்தில்), மௌனத்துக்கு இடம் விட்டுப் பாடினார். அவர் வாழ்ந்த காலத்தில் அதைச் சோம்பல் என்று நினைத்து எழுந்துபோனவர்கள் உண்டு. இன்று அதே ஒலிப்பதிவுகளைத் தேடிப்பிடித்துக் கேட்கிறோம். துரிதமும் தார ஸ்தாயியும் இல்லாமல் ராகம் முழுமையாக நிற்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டாம்.

ஆகையால் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஸ்வரம் சுத்தமாக நின்றதா? குரல் தேய்வது வேறு, ஸ்ருதி விலகுவது வேறு. ஸ்ருதி தொடர்ந்து விலகினால் எவ்வளவு பெரியவரானாலும் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். உங்கள் வித்வான் எட்டாத ஷட்ஜத்தைத் தாழ்த்திப் பாடி ஒப்பேற்றவில்லை. அதை வயலினுக்கு விட்டுக்கொடுத்தார். காது முழுமையாக விழித்திருப்பவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

மிருதங்க மாணவி எழுதியது:

பக்கவாத்தியத்தின் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். பாடகர் இரண்டு கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கினால் மேடையில் எல்லாமே மாறுகிறது. வயலினில் ச-ப-ச-ப என்று சேர்த்த நான்கு தந்திகளும் தளர்கின்றன. வில்லை அழுத்தினால் சுநாதம் கெட்டுவிடும். எங்களுக்குத் தக்கு ஸ்ருதி மிருதங்கம், அதாவது உருவத்தில் பெரியது, தேவைப்படும். அதன் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) சாப்பு என்னும் அடி விழுந்தால் நாதம் நீண்டு நிற்கும். அந்தக் கார்வை அடங்குவதற்குள் அடுத்த சொல்லை வாசித்தால் பாடகரின் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். என் குருநாதர், பெரியவர்களுக்கு வாசிக்கும்போது அனுபல்லவியில் கை பரபரக்கும், அப்போது தொப்பியில் (இடப்பக்கத்தில்) ஒரு கும்கியோடு, அதாவது ஆழ்ந்த ஒரு நாதத்தோடு, நிறுத்திக்கொள் என்பார். நிரப்பி வாசிப்பதைவிட அது பல மடங்கு கடினம்.

எனவே அடுத்த முறை பாடகரை மட்டும் கேட்காமல், பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே வாசிக்காமல் இருக்கிறார்கள் என்பதையும் கவனித்துக் கேளுங்கள். வயலின்காரர் அந்த ஷட்ஜத்தைத் தயாராக வைத்திருந்தார் என்றால், அவர் ஆலாபனை முழுவதும் பாடகரின் மூச்சைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்கள் கூட்டமாக எழுந்து வெளியேறுவது எங்களுக்கு எப்போதுமே வலிக்கும். வயதான வித்வானின் கச்சேரியில் அது இன்னும் தாங்க முடியாதது. அவருக்கு அந்த இருபது நிமிடம்தான் மூச்சு வாங்கும் நேரம். அந்த நேரத்தில் எதிரே நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே என்ன நடந்தது?

வீணை வாசகி எழுதியது:

வர்ணத்தில் குரல் பிடிகொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு குறையாக எண்ணவேண்டாம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கிருதிகள் வழியாகப் பிரதான ராகத்துக்குப் போய், தனிக்குப் பிறகு துக்கடாக்களில் (சிறு உருப்படிகளில்) முடியும் இன்றைய கச்சேரிக் கட்டமைப்பை நிலைநிறுத்திய பெருமை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு உரியது. குரல் பதமாவதற்கு வர்ணத்தைப்போல உதவுவது வேறில்லை. எண்பது வயதில் அந்தப் படியைத் தாண்டிக் குதிக்காமல் ஏறியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். பல இளைஞர்கள் வீட்டிலேயே குரலைப் பதப்படுத்திக்கொண்டு வந்து, மேடையில் வர்ணத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. எட்டாத இடத்துக்குப் போக முயன்றது சரியா என்று உங்கள் நண்பர் கேட்கக்கூடும். தோடியில் தார ஷட்ஜத்தைச் சுட்டிக்காட்டாமல் ஆலாபனையை முடித்தால் கோபுரத்துக்குக் கலசம் வைக்காததுபோல் இருக்கும். கீழேயே சுற்றிப் பாடிவிட்டுப் பத்திரமாக முடித்திருக்கலாம், ஒருவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அவர் ராகத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்யப் பார்த்திருக்கிறார்.

தனிக்குப் பிறகு விருத்தம் (செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடுவது) பாடினாரா? எந்த ராகங்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். மூத்தவர்களின் கச்சேரியில் நான் காத்திருப்பது அதற்காகத்தான். தாளக் கட்டு இல்லாததால் மூச்சு எவ்வளவு வருகிறதோ அவ்வளவுக்குச் சொற்களைப் பிரித்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்து ரசிகன் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மூர்த்தி ஐயா கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய கச்சேரியை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்ருதி ஓரிடத்தில் விலகியது, அந்தந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனா ஸ்வரத்தின் கடைசிச் சுற்றில். தம்புராப் பெண்ணின் பக்கம் தலையைத் திருப்பி, ஒரு கணம் நின்று, சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். வேறெங்கும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

மாணவி அம்மாவுக்கு: ஆம், தனியில் பாதி அரங்கம் எழுந்தது. எனக்கு முன்வரிசையில் ஏழு பேர். வித்வான் அவர்களைப் பார்க்கவில்லை. ஆரம்பம் முதல் முடிவுக் கோர்வை வரை தொடையில் தாளம் போட்டபடி மிருதங்கக்காரரின் கைகளையே பார்த்திருந்தார். நீங்கள் சொன்ன பிறகுதான் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: சரணத்தில் நிரவல் செய்தபோது மிருதங்கம் பல இடங்களில் முழுமையாக ஓய்ந்திருந்தது. அப்போது அதை நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

விருத்தம் பாடினார். திருவாசகப் பாடல் ஒன்றை சஹானா, பேகடா, சிந்துபைரவி என்று மூன்று ராகங்களில் எடுத்துக்கொண்டார். சஹானாவில் ரிஷபத்தைத் தொட்டு நின்ற இடத்தில் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை மறைக்காமல் அதே சொல்லை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் மெதுவாகப் பாடினார். தனிக்கு எழுந்து போனவர்களில் சிலர் அதற்குள் திரும்பிவந்து கதவருகே நின்றிருந்தார்கள். சிந்துபைரவி முடிந்ததும் கைதட்ட யாருக்கும் உடனே தோன்றவில்லை. அவரே தம்புராவை நோக்கித் தலையசைத்துவிட்டு சௌராஷ்டிர ராகத்தில் நிறைவுப் பாடலான மங்களத்தைத் தொடங்கினார்.